பெல்ட்டா, பேரிங்கா?

முருகன் 7:42
லாரில முன்னாடி பெல்ட் பக்கம் ஒரே சத்தம். காலைல 6 மணிக்கு கலா அத்தை வீட்டுச் சாமான் ஏத்தணும். யாராவது சொல்லுங்க

முருகன் 7:42
🎤 0:14

கலா அத்தை 7:43
இந்த நேரத்துலயாடா

செல்வம் பெரியப்பா 7:45
14 விநாடில பாதி நீ பேசுறதுதான் கேக்குது. குருவி மாதிரி கிச் கிச்னு விட்டு விட்டு வருதா, கிரீச்னு இழுக்குதா, கொரகொரன்னு அரைக்குதா?

முருகன் 7:46
இழுக்குது. ஸ்டார்ட் பண்ணதும் அதிகம். ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சா இன்னும் அதிகம்

குமார் 7:46
பெல்ட் ஸ்பிரே அடி, அடங்கிரும்

செல்வம் பெரியப்பா 7:50
குமார் சொல்றதைக் கேக்காதே. ஸ்பிரே பிசுபிசுன்னு ஒட்டும், அதுல தூசி அப்பும், ரெண்டு நாள்ல சத்தம் திரும்ப வரும். முருகா, உன் பெல்ட் வழுக்குது. ஸ்டார்ட் ஆனதும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்த டைனமோ இழுக்கும். ஸ்டீரிங்கை ஒடிச்சா பவர் ஸ்டீரிங் பம்புக்கு லோடு ஏறும். ரெண்டு நேரத்துலயும் பெல்ட்டுக்குப் பிடி பத்தல. உறுதி பண்ணிக்க, ஐட்லிங்ல வெச்சு பெல்ட்டோட வரி இருக்கற பக்கத்துல கொஞ்சம் தண்ணி தெளி. சத்தம் சட்டுனு நின்னு திரும்ப வந்தா புல்லி, அதான் பெல்ட் ஓடுற சக்கரங்க, ஒரே நேர்ல இல்ல. அதிகமானா டென்ஷன் இல்லாம வழுக்குது. துண்டைக் கழட்டி வெச்சுட்டுப் போ, கையை உள்ள நீட்டாதே

ரமேஷ் 7:52
அத்தை, பாட்டி பீரோவும் இதே லோடுலயா?

கலா அத்தை 7:52
ஆமா. ஏன்?

ரமேஷ் 7:53
சும்மா கேட்டேன்

சுமதி 7:53
சும்மா யாரும் கேக்கமாட்டாங்க 😄

முருகன் 8:01
தண்ணி பட்டதும் கத்துது பெரியப்பா. பெல்ட்ல வெடிப்பு ஒண்ணுமில்ல, புதுசு மாதிரிதான் இருக்கு

செல்வம் பெரியப்பா 8:05
வெடிப்பு பாக்கறது பழைய ரப்பருக்கு. இப்ப வர்ற பெல்ட் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். வரிக்கு நடுவுல இருக்கற பள்ளம் அகலமாகிரும், அப்புறம் வரி புல்லியோட அடில போய் உக்காந்து பிடியை விட்டுரும். கண்ணால சொல்ல முடியாது, கேஜ் வெச்சுத்தான் பாக்கணும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் கையையும் பாரு. ஐட்லிங்ல லேசா அசைஞ்சா சரி, குதிச்சா உள்ள ஆட்டத்தை அடக்கற டாம்பர் போச்சு

முருகன் 8:09
அது நல்லாத்தான் இருக்கு

செல்வம் பெரியப்பா 8:13
அப்போ இன்ஜினை நிறுத்தி ஆறவிடு. பெல்ட் எந்தப் புல்லில எப்படி சுத்திப் போகுதுன்னு ஒரு போட்டோ எடுத்துக்கோ. அது இல்லாம கழட்டினா ராத்திரி முழுக்க மாட்டிட்டே இருப்பே. டென்ஷனரைத் தள்ளி பெல்ட்டைக் கழட்டிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்து. பெல்ட்டுக்கு வழி காட்ட மட்டும் இருக்கற ஐட்லர் புல்லி சொரசொரன்னா பேரிங் போச்சு. ரொம்ப நேரம் சும்மா சுத்திட்டே இருந்தாலும் நல்லதில்ல, கிரீஸ் காஞ்சு போச்சுன்னு அர்த்தம். வாட்டர் பம்பைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டு. அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், கறை இருக்கான்னு பாரு. பெல்ட் இல்லாம ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறதா இருந்தா அரை நிமிஷத்துக்கு மேல வேணாம், வாட்டர் பம்ப் சுத்தாது, இன்ஜின் சூடாயிரும்

சுமதி 8:14
பெரியப்பா, நாங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்

முருகன் 8:37
📷
ஓட்டைக்குக் கீழ பச்சையா உப்பு மாதிரி படிஞ்சிருக்கு. விரல் வெச்சா பிசுக்கு. புல்லியும் லேசா ஆடுது

செல்வம் பெரியப்பா 8:39
அவ்வளவுதான். வாட்டர் பம்ப் சீல் போய், இன்ஜினைக் குளிர வைக்கற கூலண்ட் கசியுது, அது பெல்ட்ல படுது, பெல்ட் வழுக்குது. பெல்ட்டை மட்டும் மாத்தினா புதுசும் நனையும். பம்ப், பெல்ட் ரெண்டும் மாத்து. புல்லி பள்ளத்தையும் நல்லா துடை

குமார் 8:40
ஒரு நடைக்குத் தாங்காதா?

செல்வம் பெரியப்பா 8:42
ஆடுற பேரிங் எப்ப இறுகும்னு யாருக்கும் தெரியாது. இறுகினா பெல்ட் அறுந்துரும். டைனமோ, ஸ்டீரிங், தண்ணி மூணும் ஒண்ணா நிக்கும். லோடோட

கலா அத்தை 8:43
அப்போ 6 மணிக்கு வருமா வராதா?

குமார் 8:44
வேற வண்டி கேட்டுப் பாக்கறேன்

முருகன் 8:44
பம்ப் கிடைச்சா நானே போட்டுருவேன் அத்தை, மத்தியானம் ஆகும்

ரமேஷ் 8:45
வேற வண்டின்னா பீரோ?

கலா அத்தை 8:45
ரமேஷு, பீரோவை விடு

முருகன் 8:47
சாக்கெட் செட் யார்கிட்ட இருக்கு?

சுமதி 8:47
குமார் அண்ணா 👀

குமார் 8:52
பாத்துச் சொல்றேன்

செல்வம் பெரியப்பா 8:53
ரெண்டு வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கே