கூலிக்கொலையாளியின் கண்கள்: ‘தி கில்லர்’ படத்தை நீங்கள் முதலில் பார்த்தது எப்போது, எங்கே?

தொடங்கி வைப்பவர்

2002ஆம் ஆண்டு, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மூன்றாம் மாடி அறையில், நானும் என் அறை நண்பரும் வாடகைக்கு எடுத்து வந்த இரண்டு விசிடிகளில்தான் இந்தப் படத்தை முதலில் பார்த்தேன். மருந்து நிறுவனமொன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த அந்த நண்பர் திருநெல்வேலிக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் அண்ணாச்சி என்றே அழைப்பேன். உறையின் மேல் கைக்கு ஒன்றாக இரண்டு துப்பாக்கிகளுடன் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைக் கழிக்க அதுவே போதும் என்று நினைத்துத்தான் எடுத்து வந்தோம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங்கில் ஆ ஜோங் என்ற கூலிக்கொலையாளி, ஓர் இரவு விடுதிக்குள் புகுந்து தனக்கு இடப்பட்ட வேலையை முடிக்கிறான். அந்தச் சண்டையில், அங்கே பாடிக்கொண்டிருந்த ஜென்னியின் முகத்துக்கு மிக அருகில் அவனுடைய துப்பாக்கி வெடிக்க, அவள் பார்வை பறிபோகிறது. தன் கழுத்திலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவள் கண்களில் கட்டிவிட்டு அவன் போய்விடுகிறான். பிறகு தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் அவள் பாடும் இடத்துக்கு வருகிறான், அவளுக்குத் துணையாகிறான், அவளுடைய கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்ப்பதற்காகவே கடைசியாக ஒரு கொலையை ஏற்கிறான். சோவ் யுன்-ஃபாட் ஆ ஜோங்காகவும், ஹாங்காங்கின் கேன்டனீஸ் மொழிப் பாடகியாகப் பெயர் பெற்றிருந்த சாலி யே ஜென்னியாகவும், டேனி லீ அவனைத் துரத்தும் ஆய்வாளர் லீ யிங்காகவும் நடித்திருந்தார்கள். இயக்கியவர் ஜான் வூ. தயாரித்தவர் சுயி ஹார்க்.

எங்களுடைய அனுபவத்தின் சிக்கல் இரண்டாவது விசிடியில் இருந்தது. தேவாலயத்துக்குள் இறுதிச் சண்டை தொடங்கி, மாதா சிலை வெடித்துச் சிதறும் இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தோம், தண்ணீரில் கழுவிப் பார்த்தோம், பலனில்லை. கடைக்காரரிடம் வேறு பிரதியும் கிடையாது. ஆனால், தான் பிழைக்காவிட்டால் தன் கண்களை ஜென்னிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆ ஜோங் ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்வதை அதற்கு முன்பே பார்த்திருந்தோம். அதை வைத்து அண்ணாச்சி எனக்கு முடிவைச் சொல்லிவிட்டார்: அவன் செத்துவிடுவான், கண்கள் அவளுக்குப் பொருத்தப்படும், கட்டை அவிழ்க்கும்போது எதிரே ஆய்வாளர் நின்றுகொண்டிருப்பார். நம் ஊர்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. பார்க்காத அந்தக் காட்சியைப் பார்த்தது போலவே ஒன்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தேன், இரண்டு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

2011இல் முழுப் படத்தையும் பார்த்தேன். ஆ ஜோங்கின் இரண்டு கண்களிலும் குண்டு பாய்கிறது. கொடுப்பதாக வாக்களித்த கண்களே அவனிடம் இல்லாமற்போய்விடுகின்றன. பார்வையிழந்த அவனும் பார்வையிழந்த அவளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தபடி தரையில் தவழ்ந்து, தொடும் தூரத்தில் வந்தும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகிறார்கள். கொலையாளிக்கு மனசாட்சி இருப்பதாகக் காட்டும் படங்கள் பல உண்டு. அந்த மனசாட்சி கொடுக்க வந்த விலையைக் கடைசி நொடியில் வாங்க மறுத்த படமாக எனக்கு இது ஒன்றுதான் தெரிகிறது. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

கண் வங்கியில் ஆலோசகராகப் பணிபுரியும் உறுப்பினர்

நான் இந்தப் படத்தைப் பார்த்ததே என் வேலை காரணமாகத்தான். பயிற்சி வகுப்பொன்றில் உடன் இருந்தவர், கண் தானத்தைப் பற்றி ஒரு துப்பாக்கிப் படம் இருக்கிறது என்று கேலியாகச் சொல்ல, வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன்.

என் வேலை, இறப்பு நேர்ந்த வீடுகளுக்கும் மருத்துவமனைகளின் பிணவறை வாசல்களுக்கும் சென்று, அழுதுகொண்டிருப்பவர்களிடம் கண்களைக் கேட்பது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், ஆறுதல் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரமிருக்காது. நாங்கள் போய்ச் சேரும்வரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலைக்கு அடியில் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவோம். இவ்வளவு கவனமும் எதற்காக என்றால், ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அந்தக் கருவிழிப் படலம் உலர்ந்து கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே அந்தக் கடைசிக் காட்சியில் குண்டு பாய்ந்தபோது மற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ, என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், இனி எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுதான். அது தொழில் தந்த எண்ணம். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மருத்துவ முறையில் படம் அவ்வளவு தவறும் செய்யவில்லை. சேதம் கருவிழிப் படலத்தோடு நின்று, விழித்திரையும் பார்வை நரம்பும் நன்றாக இருந்தால், மாற்று அறுவை சிகிச்சை பயன் தரக்கூடும். அந்தப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லாததால், மற்ற உறுப்புகளைப் போலப் பொருத்தம் பார்க்கும் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் என் கண்களை இன்னாருக்குக் கொடுங்கள் என்று ஆ ஜோங் கேட்பது போலத்தான் எங்களிடமும் பலர் கேட்கிறார்கள். இங்கே அப்படி நடப்பதில்லை. காத்திருப்போர் வரிசையில் யாருடைய முறையோ அவருக்குத்தான் போகும், கொடுத்தவர் யாரென்று பெற்றவருக்குத் தெரிவிப்பதும் இல்லை.

ஒரு முறை, சிறையிலிருந்த மகன் தந்தையின் இறுதிச் சடங்குக்காகக் காவலர்களோடு வந்திருந்தான். கண்களை எடுக்க ஒப்புதல் கேட்டபோது உறவினர்கள் எல்லாரும் மறுத்தார்கள், அவன் ஒருவன்தான் கொடுத்துவிடலாம் என்றான். என்ன குற்றம் செய்தான் என்று நான் விசாரிக்கவில்லை. படிவத்தில் கையெழுத்திடுவதற்காகக் காவலர் அவனது வலக்கை விலங்கை மட்டும் கழற்றினார், அவன் கையெழுத்திட்டான்.

தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளராக இருக்கும் உறுப்பினர்

முதல் இரண்டு பதிவுகளும் நெகிழ்ச்சியாக இருக்கின்றன. நான் சற்று மாறுபடுகிறேன்.

இரவுப் பணியில், விளம்பர இடைவேளைக்காகப் பிற படங்களை வெட்டித் தைக்கும் வேலைக்கு நடுவே இந்தப் படத்தைப் பல முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது இறுதிச் சண்டையின் தேவாலயமும் அதற்குள் பறக்கும் புறாக்களும் அல்ல, ஜென்னியின் வீட்டில் நடக்கும் ஒரு தேநீர்க் காட்சி. ஆய்வாளரும் ஆ ஜோங்கும் ஒருவர் முகத்துக்கு நேரே மற்றவர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவளுக்குக் கண் தெரியாது. யாரோ விருந்தினர் வந்திருப்பதாக எண்ணிக்கொண்டு நடுவே நடமாடித் தேநீர் தருகிறாள். அவள் பயந்துவிடக் கூடாதே என்று இருவரும் இளமைக்கால நண்பர்களைப் போலச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டுச் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். துப்பாக்கிகள் மட்டும் இறங்கவில்லை. பேசுவது ஒன்று, கைகள் சொல்வது வேறொன்று. போதாக்குறைக்கு, நாங்கள் தொழிலுக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொள்ளும் விதியை ஜான் வூ வேண்டுமென்றே மீறுகிறார். எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு உண்டு, கேமரா அதன் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது அந்த விதி. இவர் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறார். அதனால் இடப்பக்கம் நின்றவர் வலப்பக்கம் வருகிறார், காவலர் இருந்த இடத்தில் கொலையாளி தெரிகிறார். ஆ ஜோங் அமர்ந்திருந்த நாற்காலியில் பின்னர் ஆய்வாளர் அமர்ந்து பார்க்கும் காட்சியிலும் இதே வேலைதான். இருவரும் ஒருவரே என்று வசனத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சலித்திருக்கும்.

மாறுபடுவது எங்கே என்றால், இந்த மனசாட்சியின் கணக்கு எனக்குப் புரியவில்லை. பாடகியின் கண்ணுக்காக உருகுகிறான், படகுப் போட்டி நாளில் கடற்கரையில் குண்டடிபட்ட சிறுமியை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், எல்லாம் சரி. அவன் சுட்டுத் தள்ளுகிறவர்களை ஒரு நாள் எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன். அவர்களுக்குப் பெயரும் இல்லை, அவர்களுக்காக அழ ஆளும் இல்லை. அவர்கள் விழுவது அவ்வளவு அழகாக, மெதுவாகக் காட்டப்படுகிறது என்பதுதான் என் குறை. 1967இல் வந்த ‘லெ சாமுராய்’ படத்தில் அலென் டெலோன் நடித்த கொலையாளி இவ்வளவு பேரைக் கொல்வதில்லை. ஜான் வூ தம் ஆசானாகக் கொண்டாடும் ழான்-பியேர் மெல்வில் எடுத்த படம் அது. அதன் கடைசியில் கொலையாளியின் துப்பாக்கியில் குண்டே இல்லை என்பது அவன் சுடப்பட்டு விழுந்த பிறகுதான் தெரிகிறது. மனசாட்சி என்ற சொல்லுக்கு அந்த வெற்றுத் துப்பாக்கி எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

ஹாங்காங்கில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த உறுப்பினர்

படத்தொகுப்பாளர் ஐயா எழுப்பிய கேள்வியை நானும் ஒரு முறை எழுப்பியிருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடையை அப்படியே தருகிறேன்.

கவுலூனில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கராக இருந்தேன். உடன் பணிபுரிந்த பெரியவர் ஒருவர், கேன்டனீஸ் படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். ஆங்கிலப் பெயரை நம்பிப் படத்தைப் பார்க்காதே என்று அவர்தான் சொன்னார். ஆங்கிலத்தில் கொலையாளி ஒருவன் மட்டுமே இருக்கிறான். சீனப் பெயரோ இரத்தம் சிந்தும் இரு வீரர்கள் என்ற பொருள் தருவது. ஆக, அவருடைய கணக்கில் இது ஒருவனுடைய மனம் திருந்தும் கதையே அல்ல. அவர்கள் ‘யி’ என்று சொல்லும் ஒன்று, நட்பு, நன்றி, சொன்ன சொல் காப்பது ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு கடப்பாடு, வழக்கொழிந்துகொண்டிருக்கும் உலகில் அதை இன்னும் விடாமல் வைத்திருக்கும் இருவரின் கதை. அப்படிப் பார்த்தால் ஆ ஜோங்கின் நண்பன் ஃபங் செய்தான் படத்தின் நடுநாயகம். முதலில் மேலிடத்துக்குப் பயந்து நண்பனையே காட்டிக்கொடுத்தவன், பிறகு அவனுக்குச் சேர வேண்டிய பணத்தை அடி உதை பட்டு, குற்றுயிராக, கொண்டுவந்து சேர்க்கிறான். அந்தப் பெரியவர் கண் கலங்கியது அந்த இடத்தில்தான்; கண்கள் போகும் இடத்தில் அல்ல.

படம் ஹாங்காங்கில் வெளியானது 1989 ஜூலையில். பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஹாங்காங் 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கப்படும் என்பதும் முடிவாகியிருந்தது. அந்த ஆண்டில் வாக்குறுதி என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும் என்றார் பெரியவர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புறாக்களையும் தேவாலயத்தையும் வெறும் அலங்காரம் என்று பலர் எழுதுகிறார்கள். 1953 கிறிஸ்துமஸ் நாளில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் பிடித்த பெருந்தீயில் வீடிழந்த குடும்பங்களில் ஜான் வூவின் குடும்பமும் ஒன்று. அவருடைய பள்ளிப் படிப்புக்குத் தேவாலயத்தின் வழியாகத்தான் உதவி கிடைத்தது; பாதிரியாராக வேண்டும் என்ற ஆசையும் ஒரு காலத்தில் அவருக்கு இருந்தது. அந்தத் தேவாலயத்தை அவரே சுட்டு நொறுக்கிக் காட்டுகிறார் என்றால், அதற்கு அவருக்கு என்ன விலை ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடங்கி வைத்தவர், மீண்டும்

எழுதிய அனைவருக்கும் நன்றி. படத்தொகுப்பாளர் சொன்ன பெயரில்லாத நாற்பது பேரைப் பற்றி என்னிடம் நல்ல விடை இல்லை. ‘யி’ என்ற விளக்கமும் அதை முழுதாகத் தீர்ப்பதாகத் தோன்றவில்லை. கண் வங்கி அம்மா எழுதிய கைவிலங்கு என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

2024 ஆகஸ்ட் 18 அன்று அலென் டெலோன் காலமானார். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, ஜான் வூ தம் பழைய படத்தைத் தாமே பாரிஸில் மறுபடி எடுத்தது வெளியானது. கொலையாளி இம்முறை ஒரு பெண். நத்தாலி இம்மானுவேல் நடித்திருக்கிறார், துரத்தும் காவலராக ஓமர் சி. ஒரே அமர்வில் பார்த்து முடித்தேன், திறமையாகத்தான் எடுத்திருக்கிறார். முடித்த கையோடு பழைய படத்தின் தேநீர்க் காட்சியைத் தேடிப் போட்டுப் பார்த்தேன் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அண்ணாச்சி இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார், ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற பொங்கலுக்குப் பேசியபோது மேன்ஷன் நாட்களைப் பற்றிய பேச்சு வந்தது. அந்த ஹாங்காங் படத்தில் கட்டை அவிழ்த்ததும் அந்தப் பெண் முதலில் ஆய்வாளரின் முகத்தைப் பார்ப்பாளே, அந்த இடம் நினைவிருக்கிறதா தம்பி என்று கேட்டார். அவரே சொன்ன முடிவு அது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். நினைவிருக்கிறது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன்.