அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவிலியைப் பேசலாமா, வேண்டாமா?

வள்ளி (ரோஸ்ஹில்):
வணக்கம். மாதம் ஒருமுறை இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் தமிழில் கூடிப் பேசுகிறோமே, அடுத்த முறை கணக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வந்தேன். அதிலும் முடிவிலி. நம்மில் பெரும்பாலோருக்குக் கணக்கு ஆங்கிலத்தில் வந்த பாடம், பரீட்சையோடு முடிந்தும் போன பாடம். அதன் அழகை ஒருதரமாவது தமிழில் கேட்க வேண்டாமா?

தொடக்கம் தீவுக்காரர்களுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. லெ மோர்னிலிருந்து சுயாக் வரை கரையை ஒரு கிலோமீட்டர் கோலால் அளந்தால் ஒரு நீளம் வரும். நூறு மீட்டர் கோல் சின்னக் குடாக்களுக்குள்ளும் நுழையும், நீளம் கூடும். ஒரு மீட்டர் கோல் என்றால் பாறைக்குப் பாறை வளைய வேண்டும், இன்னும் கூடும். நாட்டு எல்லைகளுக்கு ஆளுக்கொரு நீளம் சொல்கிறார்களே என்று கவனித்த ஆங்கில அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இதைப் பிடித்தார், 1967இல் கணிதர் மாண்டல்பிராட் பிரிட்டன் கரையை வைத்து இதை எழுதினார்.

இதையே சுத்தமான வடிவில் 1904இல் செய்தவர் சுவீடனின் ஹெல்கே வான் கொக். பக்கத்துக்கு 1 கிலோமீட்டர் உள்ள முக்கோணத் தீவு. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்து, நடுத்துண்டை எடுத்துவிட்டு அங்கே வெளிப்பக்கமாக ஒரு சிறு முக்கோண முனையை வையுங்கள். 3 கிலோமீட்டர் கரை 4 ஆகிறது. புதிதாக வந்த பக்கங்களுக்கெல்லாம் அதையே செய்தால் 5.33. ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போய், 34ஆவது படியில் 53,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது, பூமியையே சுற்றிவிடலாம். ஆனால் தீவின் பரப்பு 0.7 சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாது! எல்லையற்ற கரை ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. இதைக் கேட்டுவிட்டு யாராவது சும்மா வீட்டுக்குப் போவார்களா?

கணக்கு வாத்தியார் (குர்ப்பிப்):
வள்ளி, கணக்கு வைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். முடிவிலி வேண்டாம் என்கிறேன்.

உங்கள் தீவையே எடுத்துக்கொள்வோம். ஓர் அணுவின் அகலம் தோராயமாக ஒரு மீட்டரில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு. உங்கள் கரையின் ஒவ்வொரு துண்டும் 28ஆவது படியிலேயே அதைவிடச் சிறிதாகிவிடும். அப்போது கரை நீளம் 9,400 கிலோமீட்டர் சொச்சம். பெரிய எண்தான், ஆனால் எண்தான். அதற்குக் கீழே கரை என்று சொல்ல எதுவும் இல்லை. "நம் கடற்கரை முடிவில்லாதது" என்று நம்பி வீட்டுக்குப் போகிறவருக்கு நாம் பொய்யைக் கொடுத்து அனுப்புகிறோம்.

இன்னொன்றும் பார்க்கிறேன், மனசு கொதிக்கிறது. ராமானுஜன் படத்தைப் போட்டு 1+2+3+4 என்று போய்க்கொண்டே இருந்தால் விடை மைனஸ் பன்னிரண்டில் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறார்கள். 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் இதைச் சொன்னது உண்மை, ஆனால் "என் கோட்பாட்டின்படி" என்று சேர்த்தே சொன்னார். அந்தக் கோட்பாடு என்ன என்பதுதான் கணிதம். அதைக் கழற்றிவிட்டுப் பிரமிப்பை மட்டும் பரப்பினால், கணக்கு ஏதோ மந்திரம், நமக்குப் புரியாது என்ற பழைய பயம்தான் வளரும்.

மாயேபூர் செல்வம்:
ஐயா, இதெல்லாம் நமக்குப் புதுசா? பரிபாடலிலேயே ஆம்பல், சங்கம், வெள்ளம் என்று பேரெண்கள் இருக்கின்றன. கீழே போனால் முந்திரி 320இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி 1,02,400இல் ஒரு பங்கு, அதற்குக் கீழும் பெயர்கள் உண்டு. மேலேயும் கீழேயும் முடிவில்லாமல் போனவர்கள் நம் முன்னோர். கூட்டத்தில் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பிரியா (பாம்ப்ளமூஸ்):
செல்வம் அண்ணா, வெள்ளத்தோடு ஒன்றைக் கூட்டினால் வெள்ளத்தை விடப் பெரிய எண் வந்துவிடுகிறதே? கீழ்முந்திரியைப் பாதியாக்கினால் அதைவிடச் சிறியதும் வருகிறது. எவ்வளவு பெரிய பெயர் வைத்தாலும் அது எங்கோ நிற்கிற எண்தானே. நான் கணக்குப் படித்தவள் இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

வள்ளி:
பிரியா கேட்டதுதான் சரியான கேள்வி. செல்வம் அண்ணா, பெருமைப்பட வேறு நல்ல விஷயம் பக்கத்திலேயே இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவன் மரபில், 1-இலிருந்து 1/3 கழித்து, 1/5 கூட்டி, 1/7 கழித்து, இப்படியே போனால் பை (π, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14 சொச்சம்) என்ற எண்ணில் நான்கில் ஒரு பங்கு வரும் என்று கண்டார்கள். நூறு உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினாலும் 3.13 அளவில்தான் நிற்கிறது, அவ்வளவு மெதுவான தொடர். அதனால் நிறுத்திய இடத்தில் எவ்வளவு திருத்தம் சேர்க்க வேண்டும் என்பதையும் கண்டுபிடித்தார்கள். சுமார் 1530இல் ஜேஷ்டதேவர் இதற்கான நிரூபணங்களை யுக்திபாஷை என்ற நூலில் எழுதினார், சமஸ்கிருதச் செய்யுளில் அல்ல, மலையாள உரைநடையில். ஊர்மொழியில் முடிவிலியை விளக்க முடியும் என்று அவர் அன்றே செய்து காட்டியிருக்கும்போது, நாம் ஏன் தயங்க வேண்டும்?

வாத்தியார் ஐயா, அணுக் கணக்கு சரி. ஆனால் முடிவிலி சுயாக் பாறையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, கொக்கின் விதியில் இருக்கிறது. "அடுத்த படி உண்டு" என்ற விதியை எந்த அணுவும் தடுக்காது.

கணக்கு வாத்தியார்:
அப்படியானால் பண்டைக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் போதும். பகா எண்கள் (2, 3, 5, 7 போல ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை) தீர்ந்துபோகாது என்பதற்கு அவர் தந்த நிரூபணத்தை ஒரு தாளில் எழுதிவிடலாம். கையிலிருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டு. வந்த எண்ணைக் கையிலிருக்கும் எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும், ஆகவே அதை வகுக்கும் புதுப் பகா எண் ஒன்று இருந்தே தீர வேண்டும். வந்த எண்ணே பகா எண் என்று பலர் தவறாகச் சொல்கிறார்கள். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 30,031. அது 59 பெருக்கல் 509. புதுசு இரண்டு கிடைத்தன, பாருங்கள்!

யூக்ளிட் முடிவிலி என்றே சொல்லவில்லை, "எத்தனை பகா எண்களைக் கொடுத்தாலும் அதற்கு மேலும் உண்டு" என்றுதான் சொன்னார். எல்லாம் கைக்குள் அடங்குகிற வேலை. அழகும் குறையவில்லை.

பிரியா:
எனக்கு இது புரிந்தது, பிடித்தும் இருக்கிறது. ஆனால் இதை வைத்துப் பார்த்தால் முடிவிலி என்பது "இன்னும் உண்டு, இன்னும் உண்டு" என்பதன் சுருக்கம்தானா? முடிவில்லாதது எல்லாம் ஒன்றுதானா?

வள்ளி:
இல்லை பிரியா, இதற்காகத்தான் யூக்ளிடோடு நிறுத்தக் கூடாது என்கிறேன். 1, 2, 3 என்ற எண்களையும் அவற்றின் வர்க்கங்கள் 1, 4, 9 என்பவற்றையும் ஒன்றுக்கு ஒன்று சோடி சேர்க்கலாம், எதுவும் மிஞ்சாது. கலிலியோ 1638இலேயே இதை எழுதிவிட்டு, அப்படியானால் பெரிது சிறிது என்ற பேச்சே முடிவிலிக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டார். ஜெர்மன் கணிதர் கேன்டர் விடவில்லை.

முடிவில்லாத விளக்கு வரிசை ஒன்றை நினைத்துக்கொள், ஒவ்வொரு விளக்கும் எரியலாம் அல்லது அணைந்திருக்கலாம். இப்படிப்பட்ட எல்லா வரிசைகளையும் 1, 2, 3 என்று எண் போட்டுப் பட்டியலிட்டுவிட்டேன் என்று ஒருவர் வருகிறார். நான் அவருடைய முதல் வரிசையின் முதல் விளக்கைப் பார்க்கிறேன், அது எரிந்தால் என் வரிசையின் முதல் விளக்கை அணைக்கிறேன், அணைந்திருந்தால் ஏற்றுகிறேன். இரண்டாம் வரிசையின் இரண்டாம் விளக்கு, மூன்றாவதன் மூன்றாவது, இப்படியே. என் வரிசை அவருடைய பட்டியலில் எங்கே இருக்கும்? நூறாவது என்றால் நூறாவது விளக்கில் மாறுபடுகிறது. எங்குமே இல்லை! சோடி சேர்த்தால் ஒருபக்கம் மிஞ்சியே தீரும். இது 1891இல் வந்த நிரூபணம். முடிவிலிகள் பல அளவில் இருக்கின்றன, இதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம், பொறுமை போதும்.

கணக்கு வாத்தியார்:
இந்த நிரூபணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் "பட்டியலிட்டு முடித்துவிட்டார்" என்று சொல்லாதீர்கள், முடிவில்லாததை யார் முடித்தார்கள் என்று அரங்கின் முதல் வரிசையிலேயே ஒருவர் கேட்பார். "எந்த விதிப்படி வரிசைகளை எண்ணிட்டாலும், அந்த விதிக்குள் வராத ஒரு வரிசையை நான் கட்டுவேன்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு விளக்கும் கைக்கெட்டும் வேலையாகிவிடும். அப்புறம், கேன்டர் மனநல இல்லத்தில் இறந்த கதையை இழுக்க வேண்டாம். முடிவிலியை நினைத்தவருக்குப் புத்தி கலங்கும் என்று ஆகிவிடும், அது அவருக்கும் அநியாயம், கணக்குக்கும் அநியாயம்.

பிரியா:
எண்ணக்கூடிய முடிவிலி ஒன்று, இந்த விளக்கு வரிசைகளின் முடிவிலி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் வேறு அளவு இருக்கிறதா?

வள்ளி:
கேன்டரே கேட்டு விடை காணாத கேள்வி அது! இருக்கிறது என்று நிரூபிக்க முடியாது என்று 1940இல் தர்க்கவியலாளர் கர்ட் கேடல் காட்டினார், இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது என்று 1963இல் போல் கோஹன் காட்டினார். இன்று கணிதம் வழக்கமாக நிற்கும் அடிப்படை விதிகளை வைத்து இரண்டு பக்கமும் முடியாது.

கணக்கு வாத்தியார்:
அதை முதல் கூட்டத்தில் சொல்ல வேண்டாம், குழம்புவார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வையுங்கள்.

வள்ளி:
மாட்டேன் ஐயா. கணக்கே பரீட்சை இல்லாமல் இப்போதுதான் கேட்கிற பிரியா, நாம் யாரும் சொல்லித்தராமலே அந்தக் கேள்விக்கு வந்துவிட்டாள். அரங்கத்திலும் யாராவது வருவார்கள், அவர்களை அடுத்த மாதம் வரை காக்க வைக்க எனக்கு மனம் வராது. கடைசிப் பத்து நிமிடம் அதற்குத்தான்.

கணக்கு வாத்தியார்:
சரி. ஆனால் விளக்கு நிரூபணத்தை முழுதாகக் காட்டினோம், இதைக் காட்டாமல் சொல்கிறோம் என்று அந்தப் பத்து நிமிடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பலகையும் சுண்ணக்கட்டியும் நான் கொண்டுவருகிறேன்.