புதுப்பிப்பு: அடிக்கடி அறுந்த நெட், காரணம் கிடைத்துவிட்டது

வைஃபை நிமிடத்துக்கொருமுறை அறுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நீங்கள் சொன்னபடி வைஃபை சேனலை (அலைவரிசையை) 6-இலிருந்து 11-க்கு மாற்றினேன். வேகம் கூடியது, அறுவது நிற்கவில்லை. அப்புறம்தான் மடிக்கணினியை லேன் கேபிளில் சொருகிப் பார்த்தேன். அதிலும் அறுந்தது. சரி, குற்றவாளி வைஃபை இல்லை.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் (ஃபைபர் வயரில் வந்து சேரும் ஒளியின் பலம்) -29 டிபிஎம் என்றிருந்தது. பொதுவாக -27-க்குக் கீழே இறங்கினாலே தகராறுதான். தேடினால், பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் வயர் மடங்கி நசுங்கிக் கிடக்கிறது! (பீரோவை நகர்த்தியது நான்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.)

லைன்மேன் வந்து வயரை மாற்றினார். இப்போது -20. சிக்னல் அறுந்தால் ரவுட்டரில் எரியும் சிவப்பு விளக்கு மூன்று நாளாக எரியவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் விட்டதும் நல்லதாயிற்று; அதில் அழிந்துபோகும் பிபிபிஓஇ கடவுச்சொல் (நெட் இணைப்புக்குள் நுழைய ரவுட்டருக்குத் தேவையானது) என்னிடம் இல்லவே இல்லை.