தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு கிராண்ட் (மானியம்) கேட்பது எப்படி? (பென்சில்வேனியா)

மலைச்சாரல்:
வணக்கம். மத்திய பென்சில்வேனியாவில் ஒரு சின்ன டவுன்ஷிப்பில் (நம் ஊர் பஞ்சாயத்து மாதிரி) இருக்கிறேன், மொத்த ஜனமே மூவாயிரத்தைத் தாண்டாது. போன வருஷம் இங்கே உள்ள ஃபயர் கம்பெனியில், அதாவது தீயணைப்புக் குழுவில், தன்னார்வலராகச் சேர்ந்தேன். சம்பளத்துக்கு ஒருத்தர்கூடக் கிடையாது, சீஃப்பே பகலில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். எனக்கு ஆபீஸில் ரிப்போர்ட் எழுதுகிற வேலை என்று தெரிந்ததும் கிராண்ட் சமாசாரம் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

டர்ன்அவுட் கியரில் (தீக்குள் போகப் போடும் பாதுகாப்பு உடுப்பு) பாதிக்கு மேல் பத்து வருஷம் தாண்டியது. ஏர் பேக், அதாவது முதுகில் மாட்டும் மூச்சுக் காற்று சிலிண்டர், எல்லாம் பழைய தரத்தில் வந்தவை. தண்ணீர் கொண்டுபோகும் டேங்கர் லாரி என்னைவிட மூத்தது. வருமானம் என்றால் ஃபிஷ் ஃப்ரை, பேன்கேக் பிரேக்ஃபாஸ்ட், பிங்கோ, அப்புறம் டவுன்ஷிப் கொடுக்கிற கொஞ்சம். சீஃப்புக்குப் புது டேங்கர் மேல்தான் கண். மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா தீயணைப்புக் குழுக்களுக்குத் தரும் ஏஎஃப்ஜி கிராண்டில் அதைக் கேட்கலாமா? இன்னொன்று, ஒரு ஏஜென்சிக்காரர் வந்து “நானே எழுதித் தருகிறேன், கிடைத்தால் மட்டும் அதில் இத்தனை சதவீதம் கொடுங்கள்” என்கிறார். இது சரியா?

கூத்தாநல்லூரான்:
முதலில் ஏஜென்சிக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எழுதுவதற்கு ஒருவருக்குக் கூலி கொடுப்பதை ஏஎஃப்ஜி அனுமதிக்கிறது, ஆனால் கிடைத்த தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது கூடாது. உங்கள் கணக்கின் பாஸ்வேர்டையும் அவரிடம் கொடுக்கக் கூடாது. மத்திய அரசின் பணம் வாங்க சாம்.கவ் என்ற அரசுத் தளத்தில் பதிவு வேண்டும், அது இலவசம், அதற்கும் காசு கேட்டு மின்னஞ்சல் வரும், அசல் அரசுக் கடிதம் மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அந்தப் பதிவை இன்றைக்கே பாருங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயர் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி இருந்தாலே வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். விண்ணப்பம் திறந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று இருந்தால் தேதி போய்விடும்.

நான் ஒஹாயோவில் இதே மாதிரி ஒரு குழுவில் இருக்கிறேன். விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நீங்கள் தரும் எண்களையும் பதில்களையும் வைத்து முதலில் கம்ப்யூட்டர் ஒரு மதிப்பெண் போடும். அதில் மேலே வருகிறவை மட்டும்தான் எங்கள் கைக்கு வரும். நாங்களும் தீயணைப்புக்காரர்கள்தான். “எங்கள் வீரர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்” என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் அப்படியே தாண்டிப் போவோம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது வேறு. எத்தனை பேர் எரியும் கட்டிடத்துக்குள் போகத் தகுதியானவர்கள், அதில் எத்தனை பேருக்கு உருப்படியான ஏர் பேக் இருக்கிறது, கியரின் லேபிளில் தயாரித்த தேதி என்ன, கடந்த மூன்று வருஷமும் வரவு செலவு என்ன, ஏன் உங்களால் சொந்தமாக வாங்க முடியவில்லை. ஃபிஷ் ஃப்ரையில் எவ்வளவு வந்தது, அதில் டீசலுக்கும் இன்சூரன்ஸுக்கும் எவ்வளவு போனது என்று டாலர் கணக்கோடு எழுதுங்கள், அதைவிட வலுவான வாதம் கிடையாது.

டேங்கர் கேட்கலாம், தடை இல்லை. கிராமப்புறத்துக்கு அது முன்னுரிமை உள்ள வண்டிதான். ஆனால் மொத்த ஏஎஃப்ஜி பணத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வண்டிகளுக்குப் போகக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நாடு முழுக்க எல்லா சீஃப்புக்கும் வண்டி ஆசை, அந்தச் சின்னப் பங்கில்தான் அடிதடி. உங்கள் நிலையில் ஏர் பேக்கும் கியரும் கேட்பதுதான் புத்திசாலித்தனம். பத்து வருஷம் ஆன கியருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று தீப்பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் என்எஃப்பிஏ அமைப்பின் தரம் சொல்கிறது, ஆக உங்கள் கியரின் லேபிளே உங்களுக்காகப் பேசும்.

ஹூஸ்டன்_அக்கா:
மேலே தம்பி சொன்னதில் எல்லாம் சரி, ஆனால் ஏஎஃப்ஜியே கதி என்று உட்கார வேண்டாம். அது வருஷத்துக்கு ஒரு தடவை, கிடைக்கும் கிடைக்காது. சின்னக் குழுவுக்கு விஎஃப்ஏ (தன்னார்வத் தீயணைப்பு உதவி) என்று ஒரு கிராண்ட் உண்டு. பணம் மத்திய வனத்துறையுடையது, மாநில வனத்துறை வழியாக வரும், பத்தாயிரத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு. பாதி அவர்கள், பாதி நீங்கள். தொகை சின்னதுதான், ஆனால் ஹோஸ், காட்டுத்தீ உடுப்பு, ரேடியோ இவற்றுக்கு அருமை. பேப்பர் வேலையும் குறைவு.

வண்டிக்கு வருவோம். ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை தீயணைப்புக் குழுக்களுக்குத் தரும் திட்டம் இருக்கிறது, அதுவும் வனத்துறை வழிதான். டெக்சஸில் நிறைய ஊர்களில் ஆலிவ் பச்சை லாரிக்கு சிவப்பு பெயிண்ட் அடித்து, மேலே தண்ணீர்த் தொட்டி வைத்து ஓட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்காது, ஓடும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வண்டி கடைசிவரை வனத்துறையின் சொத்து, இன்னொன்றில் உங்கள் பெயருக்கே மாறிவிடும். எது என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். புதுசுதான் வேண்டும் என்று சீஃப் பிடிவாதம் பிடித்தால் மத்திய வேளாண் துறையின் கிராம வளர்ச்சிப் பிரிவை (யுஎஸ்டிஏ ரூரல் டெவலப்மெண்ட்) போய்ப் பாருங்கள். இருபதாயிரம் வரை ஜனம் உள்ள ஊருக்கு கடனும் கிராண்டும் கலந்து தருவார்கள், ஊர் எவ்வளவு சின்னதோ, வருமானம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு கிராண்ட் பங்கு கூடும், அதிகபட்சம் 75 சதவீதம். ஸ்டேஷன் கட்டிடம்கூட அதில் வரும்.

நெல்லைத்துரை:
பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு யாரும் ரிலீஃப் அசோசியேஷன் (தீயணைப்புத் தன்னார்வலர்களுக்கான நலச் சங்கம்) பற்றிப் பேசவில்லையே! வெளிமாநில இன்சூரன்ஸ் கம்பெனிகள் இங்கே விற்கும் தீ இன்சூரன்ஸ் பிரீமியத்தின் மேல் மாநிலம் 2 சதவீத வரி போடுகிறது, அந்தப் பணம் டவுன்ஷிப் வழியாக ஒவ்வொரு குழுவின் ரிலீஃப் அசோசியேஷனுக்கும் வருகிறது. அது வீரர்களின் பாதுகாப்புக்கான பணம், கியரும் ஏர் பேக்கும் வாங்கலாம். மாநில ஆடிட்டர் ஜெனரல் ஆபீஸில் இருந்து ஆள் வந்து கணக்குப் பார்ப்பார்கள், அதனால் ரசீது ஒவ்வொன்றும் பத்திரம். வாங்கிய பொருள் அசோசியேஷன் சொத்தாகத்தான் இருக்கும், ஃபயர் கம்பெனி சொத்து ஆகாது, இதைக் குழப்பிக்கொண்டால் ஆடிட்டில் மாட்டுவீர்கள். உங்கள் கம்பெனிக்கு இந்த அசோசியேஷன் இருக்கிறதா, பணம் சும்மா தூங்குகிறதா என்று முதலில் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பொருளாளர் வயசானவர், யாரும் கேட்காததால் அவரும் செலவு செய்யவில்லை.

இது தவிர மாநிலமே நடத்தும் ஃபயர் கம்பெனி கிராண்ட் உண்டு, கேசினோ ஸ்லாட் மெஷின் வருமானத்தில் இருந்து. வண்டி, கட்டிடத்துக்கு 2 சதவீத வட்டியில் மாநிலக் கடனும் உண்டு. டேங்கர் கனவுக்கு அதுதான் வழி என்பேன்.

மலைச்சாரல்:
எல்லோருக்கும் நன்றி. ரிலீஃப் அசோசியேஷன் இருக்கிறது, பணம் எவ்வளவு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, கேட்கிறேன். ஏஎஃப்ஜி கிடைத்தால் எங்கள் பங்கு எவ்வளவு? உலகத்திலேயே பணக்கார நாட்டில் மீன் பொரித்து விற்றுத்தான் தீயணைக்க வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறாள், பதில் இல்லை.

கூத்தாநல்லூரான்:
நாட்டின் தீயணைப்பு வீரர்களில் சுமார் 65 சதவீதம் தன்னார்வலர்கள்தான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-ல் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனி ஆரம்பித்த காலத்தில் இருந்தே உங்கள் மாநிலத்தில் இப்படித்தான். தங்கச்சியை ஃபிராங்க்ளினைத் திட்டச் சொல்லுங்கள்.

இருபதாயிரத்துக்குள் ஜனம் உள்ள இடத்துக்கு உங்கள் பங்கு 5 சதவீதம். அது கிராண்ட் தொகையில் 5 சதவீதம், மொத்தச் செலவில் அல்ல. அதாவது ஒரு லட்சத்து ஐயாயிரம் டாலர் செலவென்றால் அரசு ஒரு லட்சம், நீங்கள் ஐயாயிரம். ஒரு ஏர் பேக் எட்டாயிரத்துக்கு மேல் போகிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிராண்ட் கிடைத்தது என்ற கடிதம் கையில் வரும் முன்னால் எதையும் ஆர்டர் செய்யாதீர்கள், முன்கூட்டி வாங்கியதற்குப் பணம் தர மாட்டார்கள். விண்ணப்பத்தில் பிராண்ட் பெயரும் போட வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு அழைப்புக்கும் ரிப்போர்ட் போடுகிறீர்களா? அழைப்புகளைப் பதியும் தேசிய முறையில், பழைய என்ஃபிர்ஸுக்குப் பதிலாக இப்போது நெரிஸ் வந்திருக்கிறது, நீங்கள் எழுதும் அழைப்பு எண்ணிக்கையும் அதில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

மலைச்சாரல்:
ரிப்போர்ட் எல்லாம் சீஃப்பின் டயரியில் இருக்கிறது. இந்த வாரம் அதை ஏற்றுகிற வேலைதான்.

ஹூஸ்டன்_அக்கா:
டயரியில் தேதி போடும் பழக்கமாவது உண்டா அவருக்கு? முதலில் அதைப் பாருங்கள் தம்பி. பக்கத்து ஊர் குழுவுக்கும் ரேடியோ வேண்டுமா என்று கேளுங்கள், நாலு குழு சேர்ந்து ஒரே விண்ணப்பமாகவும் போடலாம்.