சாப்பாட்டு மேசையில் நெப்போலியன் படை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சின்னப் பொம்மை வீரர்களுக்குப் பெயிண்ட் அடித்து, மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை ஆடும் வார்கேமிங்தான் என் பொழுதுபோக்கு. லண்டனில் ஒரு பெட்ரூம் ஃபிளாட் எங்களுடையது. ஆறுக்கு நாலு அடி கேமிங் டேபிளுக்கு இடமில்லை, இருப்பது மூன்றடிச் சதுரச் சாப்பாட்டு மேசை.

கடையில் கண்ணைப் பறிப்பது 28 மி.மீ. உயர ஃபிகர்கள்தான் (பொம்மை வீரர்கள்). ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பேர் கொண்ட பட்டாலியனை இரண்டு வரிசையாக நிறுத்தினால் கால் மீட்டர் போய்விடும். மூன்று பட்டாலியன் நின்றால் மேசை அடைத்துக்கொள்ளும், குதிரைப்படை சுற்றிவர வழியே இருக்காது. அந்தக் காலச் சண்டையில் ருசியே சுற்றிவருவதுதானே?

அதனால் 6 மி.மீ. எடுத்தேன். ஷெஃபீல்டில் இருக்கும் பாக்கஸ் கம்பெனியின் உலோக ஃபிகர்கள். காலாட்படை நாலு நாலு பேராக ஒரே துண்டில் வரும். 60க்கு 30 மி.மீ. பேஸில், அதாவது அடித்தட்டில், ஆறு துண்டு ஒட்டினால் 24 பேர். பத்து பேஸை வரிசையாக நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் 15 செ.மீ. மிச்சம் இருக்கிறது.

பெயிண்டிங்குக்குப் பயப்பட வேண்டாம். கண், பட்டன் எதுவும் தீட்டத் தேவையில்லை. கையெட்டும் தூரத்தில் தெரிவது தொப்பி, மார்பில் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டை, கொடி, அவ்வளவுதான். பிரெஞ்சுக் கோட்டுக்கு மட்டும் உண்மையான கருநீலத்தைப் பூசாதீர்கள். இந்த அளவில் அது கறுப்பாகத்தான் தெரியும், இரண்டு படி வெளிர் நீலம் போடுங்கள்.

*

அண்ணா, ரூல்ஸை மாற்றாமல் நான் செய்வது இது. அங்குலம் என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் சென்டிமீட்டராக அளப்பேன். ஆறுக்கு நாலு அடி டேபிள் 72க்கு 48 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். 6 மி.மீ. பொம்மைக்கு இது கச்சிதம்.

எடுத்த எடுப்பில் வாட்டர்லூவுக்குப் போகாமல், 1806 ஜூலை 4 அன்று தெற்கு இத்தாலியில் நடந்த மைடாவிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு பக்கமும் ஐயாயிரம், ஆறாயிரம் பேர்தான். பிரிட்டிஷ் தளபதி ஸ்டூவர்ட், எதிரே பிரெஞ்சுத் தளபதி ரேனியே. சண்டை நடக்கும்போதே பிரிட்டிஷாரின் 20ஆவது ரெஜிமென்ட் கடற்கரைப் பக்கமிருந்து வந்து சேரும். அது எந்தச் சுற்றில் வரும் என்பதைப் பகடையிடம் விட்டுவிடுகிறேன். பிரெஞ்சுப் பக்கம் ஆடுபவருக்கு அதுவரை வயிற்றில் புளி கரைக்கும்!

*

நம்ம ஊர்த் தொடர்புள்ள சண்டை வேண்டுமென்றால் அசாயி இருக்கிறது. 1803 செப்டம்பர் 23, பின்னாளில் வெலிங்டன் ஆன ஆர்தர் வெல்லஸ்லி மராத்தியரோடு மோதியது. அவரிடம் இருந்த ஐரோப்பியக் காலாட்படை 74, 78 என்ற இரண்டு ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட்கள். மீதிக் காலாட்படை மெட்ராஸ் சிப்பாய்கள். எதிரே ஐரோப்பிய அதிகாரிகள் பயிற்சி கொடுத்த மராத்தியப் பட்டாலியன்கள், குவியல் குவியலாகப் பீரங்கிகள்.

சின்ன மேசைக்கு இது ஏன் ஒத்துவருகிறது என்றால், களத்தை இரண்டு ஆறுகள் நெருக்குகின்றன. வெல்லஸ்லி ஆற்றைக் கடந்து நுழைந்ததும் இடது, வலது இரண்டு ஓரத்திலும் தண்ணீர். மேசை விளிம்பையே ஆறாக வைத்துக்கொள்ளலாம்.

*

அருமை! ஆனால் 6 மி.மீ.யில் மெட்ராஸ் சிப்பாய்களுக்கு எங்கே போவது?

*

பிரிட்டிஷ் காலாட்படையையே எடுத்து, சிவப்புக் கோட்டை அப்படியே விட்டு, முகத்தையும் கால்களையும் பழுப்பாக்குங்கள். தொப்பி மேல் ஒரு துளி கிரீன் ஸ்டஃப் (பிசைந்து உருவம் செய்யும் பச்சை நிறப் பசை) வைத்துத் தலைப்பாகை மாதிரி உருட்டிவிட்டால் போதும். காலில் என்ன போட்டிருக்கிறான் என்று யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?