புதுப்பிப்பு: கிழங்குப் பயிரில் லாபம் எங்கே இருக்கிறது?

சிறு நிலத்தில் கிழங்கு பயிரிட்டால் கட்டுப்படியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அப்போது மகசூலைப் பற்றியே அதிகம் பேசினோம். அறுவடை முடிந்து வரவுசெலவை எழுதிப் பார்த்தபின், லாபத்தைத் தீர்மானிப்பவை தோண்டும் கூலியும், தோண்டிய கிழங்கு எத்தனை நாள் தாங்கும் என்பதுமே என்று உறுதியாகச் சொல்வேன்.

மரவள்ளியைப் பிடுங்கிய 2 அல்லது 3 நாட்களிலேயே சதைக்குள் நீலக்கறுப்புக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும். ஆனால், முற்றிய பிறகும் மண்ணுக்குள் சில மாதங்கள் விட்டுவைக்கலாம் என்பதால் (மிகவும் தாமதித்தால் நார் ஏறிவிடும்), வாங்குபவரை உறுதிசெய்துகொண்டு தேவைக்கேற்பப் பிடுங்குவதே சிறு விவசாயியின் பெரிய பலம்.

சர்க்கரைவள்ளியின் கதை வேறு. தோல் உரிந்த கிழங்கை அப்படியே மூட்டை கட்டினால் அழுகிவிடும். சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதத்திலும் 4 முதல் 7 நாட்கள் வைத்திருந்தால் காயம் ஆறித் தோல் இறுகும், விலை சரிந்த வாரத்தில் விற்றே தீர வேண்டிய நெருக்கடியும் குறையும். அதன் கொடி மாட்டுத் தீவனமாகவும் அடுத்த நடவுக்கான தண்டாகவும் பயன்படுகிறது. இதை வரவில் சேர்க்காமல் விடுவது பயிருக்குச் செய்யும் அநியாயம்.

கேரட்டைக் கல் நிறைந்த மண்ணில் விதைக்காதீர்கள். கல் தடுத்துக் கிழங்கு கவைவிட்டால் (கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தால்) எடை இருந்தும் கழிவு விலைதான் கிடைக்கும். வீட்டாரின் உழைப்பையும் கூலிக் கணக்கில் எழுதுங்கள்.