இலையில் படிந்த கல்தூளும் காற்றில் ஏறிய கரியும்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து:
எங்கள் கடலைக் கொல்லையை ஒட்டிய மண்சாலையில் ஜல்லி லாரிகள் ஓடத் தொடங்கிய வருடம் அது. சாலையோரப் பாத்திகளில் மட்டும் இலையெல்லாம் சாம்பல் பூசியது போல் ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் செடியைப் பார்க்காமலே 'சாம்பல் நோய்' என்று ஒரு பாட்டிலைக் கையில் திணித்தார். ஆச்சி அதைத் திறக்கவே விடவில்லை. முந்தானை நுனியை நனைத்து ஒரு இலையைத் துடைத்தார். துணியில் சேறு, அடியில் வெளிறிய பச்சை. நோய் அல்ல, கல்தூள். இரவுப் பனியில் குழைந்து, வெயில் ஏறியதும் இலையோடு ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. வெளிச்சமும் குறைவு, காற்று வாங்கும் இலைத்துளையும் அடைப்பு. செடி எதை வைத்துச் சமைக்கும்? கடலை ஆய்ந்தபோது சாலையோரச் செடியில் ஆறேழு காய், உள்ளே தள்ளி இருபதுக்குக் குறையவில்லை. மருந்து இன்னும் பரணில் கிடக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:
எங்களுக்குக் காளவாசல் புகை. மாங்காய் கோலிக்குண்டு அளவு வந்ததும் நுனி கறுத்துவிடும். வடநாட்டில் செங்கல் சூளையோரத் தோப்புகளில் இது பழைய தொல்லை; புகையில் வரும் கந்தக வாயு முக்கியக் காரணம். அங்கே செய்வதுபோல் போராக்ஸ், அதாவது வெண்காரம், கரைத்து அடித்தோம். பாதிக் காய் தேறியது.

பள்ளத்தூரிலிருந்து:
புழுதியும் புகையும் கண்ணுக்குத் தெரிகின்றன, அண்ணே. கரியமில வாயு தெரியவில்லையே! தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அது பயிருக்கு விருந்து என்பான் என் மருமகன், இன்ஜினீயர். பாதி உண்மைதான். நெல், கடலை, உளுந்து கூடுதலாக விளையும். இலைத்துளை ஓரளவு மூடிக்கொள்வதால் தண்ணீரும் மிச்சம். சோளத்துக்கும் கம்புக்கும் அந்த லாபம் சொற்பம், அவை அந்த வாயுவைத் தாமே இலைக்குள் திரட்டிக்கொள்ளும் சாதி. ஆனால் ஜப்பானிலும் சீனாவிலும் திறந்த வயலிலேயே வாயுவைக் கூட்டிச் சோதித்தபோது, அரிசியில் புரதம், இரும்பு, துத்தநாகம் மூன்றும் குறைந்தன. வயிறு நிறையும், சத்து இறங்கும்.

அதே வாயு கூட்டும் வெயில் வேறு இருக்கிறது. நெல் பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. போன கோடையில் கிணற்றை நம்பி நட்டது சித்திரையில் பூத்தது. களத்தில் மருமகன் கையில் முறத்தைக் கொடுத்தேன். தூற்றத் தூற்றப் பதராகப் பறந்தது. தலையெல்லாம் உமியோடு நின்றுகொண்டு, "வாயு கூடாமல் இருந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது மாமா" என்கிறான்.